ஐரோப்பிய ஓக்: ஒரே மரமா, இரு மரங்களா?

ஐரோப்பாவின் இலையுதிர் காடுகளில் மிகுதியாக வளரும் ஓக் மரங்கள் இரண்டு. ஒன்று குவெர்கஸ் ரோபர், மற்றொன்று குவெர்கஸ் பெட்ரேயா. பல காடுகளில் இவை அடுத்தடுத்து நின்று ஒரே பருவத்தில் பூக்கின்றன. ஒன்றின் மகரந்தம் காற்றில் வந்து மற்றொன்றின் பூவில் விழுந்தால் சில வேளைகளில் முளைக்கக்கூடிய விதையும் உண்டாகிறது. வீட்டு உத்தரத்துக்கும் கப்பலுக்கும் மதுப் பீப்பாய்க்கும் இரண்டு மரங்களும் வெட்டப்பட்டன. தோல் பதனிட இரண்டின் பட்டையும் உரிக்கப்பட்டது. இவை தனித்தனிச் சிற்றினங்களா, ஒரே சிற்றினத்தின் இரு வடிவங்களா என்ற கேள்வி 18ஆம் நூற்றாண்டில் எழுந்து 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தீராமல் நீடித்தது. இலையை வைத்து அதற்கு விடை தேடியவர்கள் முதலில் வந்தார்கள். டிஎன்ஏவை வைத்துத் தேடியவர்கள் பின்னர் வந்தார்கள். டிஎன்ஏ முதலில் இலை சொன்னதை மறுப்பதுபோல் தோன்றியது, பிறகு அதை உறுதிசெய்தது.

குவெர்கஸ் பேரினத்தில் உலகெங்கும் 400க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. இமயமலைச் சரிவுகளிலும் ஓக் காடுகள் உண்டு. நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் இப்பேரினத்தைச் சேர்ந்ததன்று. அது ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட, வேறு குடும்பத்து மரம்.

இலையில் தெரியும் வேறுபாடு

இரண்டு ஓக்கின் இலைகளும் தொலைவிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். விளிம்பு நேராக ஓடாமல் உருண்டையான மடல்களாக வளைந்து வளைந்து செல்லும். கையில் எடுத்துப் பார்த்தால்தான் வேறுபாடு பிடிபடும்.

ரோபர் இலைக்குக் காம்பு இருப்பதே தெரியாது. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரை எட்டாத குட்டைக் காம்பு. அந்தக் காம்பை இலை தொடும் இடத்தில் இருபுறமும் காது மடல் போன்ற இரு சிறு மடிப்புகள் இருக்கும். பக்க மடல்கள் குறைவு, அவற்றின் அளவும் ஒழுங்கற்றது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுநரம்பிலிருந்து பிரியும் கிளை நரம்புகள் மடல்களின் நுனிக்கு ஓடுவது தெரியும். அவற்றுக்கு இடையே வேறு சில நரம்புகள் இரண்டு மடல்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தை நோக்கி ஓடும். இந்த இடைநரம்புகள் ரோபரின் முக்கிய அடையாளம்.

பெட்ரேயா இலையின் காம்பு ஒன்று முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை நீண்டிருக்கும். அடிப்பகுதி ஆப்புபோல் குறுகிக் காம்பில் இறங்கும்; காது மடிப்பு இருக்காது. மடல்கள் கூடுதலாகவும் ஒழுங்காகவும் அமையும். இடைநரம்புகள் அரிது அல்லது அறவே இருப்பதில்லை. இலையின் அடிப்புறத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் ஒரே புள்ளியிலிருந்து பல கிளைகளாக விரியும் நட்சத்திர வடிவ நுண்மயிர்கள் தென்படும். ரோபர் இலையின் அடிப்புறம் ஏறக்குறைய வழவழப்பாகவே இருக்கும்.

காயில் வேறுபாடு நேர்மாறாக அமைந்திருக்கிறது. காம்பில்லாத இலையுடைய ரோபரின் காய்கள் பல சென்டிமீட்டர் நீளமுள்ள காம்பில் தொங்கும். காம்புள்ள இலையுடைய பெட்ரேயாவின் காய்கள் கிளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காட்டில் பலகாலம் வேலை செய்தவர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. ஆனால் ஓக் ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. காய் இல்லாத காலத்தில் கையில் கிடைப்பது இலை மட்டுமே.

பெயரிடலும் குழப்பமும்

கார்ல் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தாவரச் சிற்றினங்கள் நூலில் குவெர்கஸ் ரோபர் என்ற பெயர் இடம்பெற்றது. இன்று இரண்டாகப் பிரிக்கப்படும் மரங்களை அவர் அந்த ஒரு பெயருக்குள்ளேயே அடக்கினார். 1777இல் சைலீசியப் பகுதியின் தாவரங்களை விவரித்த மட்டுஷ்கா, காய் ஒட்டியிருக்கும் வடிவத்தை ரோபரின் ஒரு வகையாகக் குறித்து அதற்குப் பெட்ரேயா என்று பெயரிட்டார். 1784இல் ஜெர்மனியின் ஃபுல்டா வட்டாரத் தாவரங்களைப் பற்றி எழுதிய லீப்லைன் அதைத் தனிச் சிற்றினமாக உயர்த்தினார். இன்றைய அறிவியல் பெயர் இவ்விருவரிடமிருந்தும் வந்தது.

இதற்கிடையே வேறு தாவரவியலாளர்கள் இதே மரங்களுக்குக் காய்க்காம்பை அடிப்படையாகக் கொண்ட பெயர்களைச் சூட்டினார்கள். ரோபருக்குப் பெடங்குலேட்டா, பெட்ரேயாவுக்குச் செசிலிஃப்ளோரா என்ற அப்பெயர்கள் 19ஆம் நூற்றாண்டு நூல்களில் பரவலாக வழங்கின. 1813இல் ஜெர்மானிய வனவியலாளர் பெக்ஸ்டைன் மூன்றாவதாக ஒன்றை விவரித்தார். இரண்டின் அடையாளங்களும் கலந்து காணப்பட்ட அம்மரம் குவெர்கஸ் ரோசேசியா என்று பெயர் பெற்றது. இன்று அப்பெயர் இரண்டின் கலப்பினத்தைக் குறிக்கிறது. இடைப்பட்ட மரங்கள் உண்டு என்பது அச்சில் ஏறியதும் எல்லை எங்கே என்ற கேள்வி கூர்மையடைந்தது.

கப்பலும் பீப்பாயும்

இந்தக் கேள்வி தாவரவியலாளர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. மரக்கப்பல் காலத்தில் ஓக் என்பது அரசின் கையிருப்புப் பொருள். பிரான்சில் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1669இல் நீர்நிலைகளுக்கும் காடுகளுக்குமான சட்டத்தைக் கொண்டுவந்தார். எதிர்காலக் கடற்படைக்கு மரம் வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நடு பிரான்சிலுள்ள துரோன்சே காடு அவர் காலத்தில் அந்நோக்கத்துக்காகப் பேணப்பட்டது. அங்கே நிற்பவை பெரும்பாலும் பெட்ரேயா மரங்கள். இங்கிலாந்தில் 1759இல் கட்டத் தொடங்கிய விக்டரி போர்க்கப்பலுக்குச் சுமார் 6,000 மரங்கள் தேவைப்பட்டன என்று கணக்கிடப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஓக்.

கப்பல் கட்டுவோருக்கு நேரான பலகை மட்டும் போதாது. கப்பலின் விலா எலும்புக்கும் முட்டுக்கும் இயற்கையாகவே வளைந்த கட்டை வேண்டும். திறந்த வெளியிலும் வேலியோரத்திலும் கிளை பரப்பி வளர்ந்த ரோபர் அதற்கு வாய்ப்பாக இருந்தது. பெட்ரேயா மரம் மட்டமானது, சீக்கிரம் உளுத்துப்போகும் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். மறுசாரார் அதை மறுத்தார்கள். வெட்டி அறுத்த பலகையைப் பார்த்து அது எந்த ஓக் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. நுண்ணோக்கியின் கீழும் இரண்டின் மரத்திசுவும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே அந்த வாதம் முடிவுக்கு வரவில்லை.

மதுத் தொழிலில் வேறுபாட்டுக்கு இன்றும் விலை உண்டு. பெட்ரேயா மரத்தில் தேங்காய் மணம் தரும் லாக்டோன் என்ற சேர்மம் கூடுதலாகவும், ரோபரில் துவர்ப்பு தரும் டானின் கூடுதலாகவும் இருக்கும். அடர்ந்த காட்டில் மெல்ல வளர்ந்து நெருக்கமான ஆண்டு வளையங்களோடு வரும் துரோன்சே மரம் ஒயின் பீப்பாய்க்கு விரும்பப்படுகிறது. லிமூசின் பகுதியின் மரம் பெரும்பாலும் ரோபர். வேகமாக வளர்ந்து அகன்ற வளையங்கள் கொண்ட அது கோன்யாக் பிராந்தியை முதிரவைக்கப் பயன்படுகிறது.

டார்வின் எடுத்த எடுத்துக்காட்டு

1859இல் வெளிவந்த சிற்றினங்களின் தோற்றம் நூலின் இரண்டாம் இயலில் சார்லஸ் டார்வின் இந்த இரு ஓக்குகளையும் குறிப்பிட்டார். பிரிட்டனில் பெரிய தாவரவியல் அறிஞர்களும் மரத்தோடு பழகிய தொழிலாளர்களும் இருந்தும், இவை நல்ல சிற்றினங்கள் என்று சொல்வோரும் வெறும் வகைகள் என்று சொல்வோரும் இரு தரப்பிலும் உண்டு என்பதை அவர் எடுத்துக்காட்டினார். சிற்றினத்துக்கும் வகைக்கும் இடையே கறாரான கோடு கிடையாது என்ற அவருடைய வாதத்துக்கு ஓக் நன்றாகப் பொருந்தியது.

சில ஆண்டுகளில் அதே வாதத்துக்குக் கூடுதல் ஆதாரம் ஜெனீவாவிலிருந்து வந்தது. உலகின் ஓக் மரங்கள் அனைத்தையும் வகைப்படுத்தும் பணியில் ஈடுபட்டிருந்த அல்ஃபோன்ஸ் து கந்தோல், ஒரே கிளையிலேயே மாறுபடும் இலை, காய்ப் பண்புகள் பத்துக்கும் மேற்பட்டவை என்று கண்டார். தாம் ஏற்ற சிற்றினங்களில் மூன்றில் இரண்டு பங்கு தற்காலிகமானவை என்றும் கூறினார். அவர் கணக்கில் குவெர்கஸ் ரோபருக்கு 28 வகைகள் இருந்தன. ஆறைத் தவிர மற்ற அனைத்தும் பெடங்குலேட்டா, செசிலிஃப்ளோரா, பியூபசென்ஸ் என்ற மூன்று துணைச் சிற்றினங்களைச் சுற்றி அமைந்தன. டார்வின் தம் நூலின் பிந்தைய பதிப்புகளில் இக்கணக்கை விரிவாகச் சேர்த்துக்கொண்டார். லின்னேயஸின் ஒரே ஓக் இவ்வாறு வேறு வடிவில் திரும்பி வந்தது.

கண்ணிலிருந்து அளவுகோலுக்கு

20ஆம் நூற்றாண்டில் விவாதம் வருணனையிலிருந்து அளவைக்கு மாறியது. அமெரிக்கத் தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன் 1930களில் கலப்பினக் குறியெண் என்ற முறையை உருவாக்கினார். ஒவ்வொரு பண்புக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டினால் ஒரு மரம் எந்தப் பெற்றோருக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது எண்ணாகக் கிடைக்கும். கலப்பினங்கள் பெற்றோர் இனத்தோடு மீண்டும் மீண்டும் கலந்து, ஓர் இனத்தின் மரபணுக்களை மற்றொன்றுக்குள் கசியவிடுவதை விளக்கி 1949இல் அவர் ஒரு நூலும் எழுதினார்.

இம்முறையை 1960களில் ஸ்காட்லாந்து ஓக் காடுகளில் கசின்ஸ் பயன்படுத்தினார். அங்கே இரு இனங்களின் கலப்பு பரவலாக நடந்திருப்பதாக அவர் முடிவு செய்தார். 1970களின் இறுதியில் ரஷ்டன் பல பண்புகளை ஒருசேர ஒப்பிடும் புள்ளியியல் முறையைக் கையாண்டார். எந்தப் பண்பைச் சேர்ப்பது, எதை நடுத்தரம் என்று கொள்வது என்பதைப் பொறுத்துக் கலப்பின மரங்களின் கணக்கே மாறுவது இத்தகைய ஆய்வுகளில் வெளிப்பட்டது.

இலையைச் சேகரிப்பதிலும் ஒழுங்கு தேவைப்பட்டது. நிழலில் வளர்ந்த இலை அகன்று மெல்லியதாகவும் மடல் ஆழம் குறைந்தும் இருக்கும். கோடையின் நடுவில் ஓக் இரண்டாம் முறை தளிர்விடும். அந்த இலைகளின் வடிவம் முதல் தளிரின் இலைகளிலிருந்து வேறுபடும். ஆகவே உச்சியில் வெயில் படும் கிளையிலிருந்து முதல் தளிரின் முற்றிய இலைகளை மட்டும் எடுப்பது நடைமுறையானது. உயர்ந்த மரங்களில் துப்பாக்கியால் சிறு கிளையைச் சுட்டு வீழ்த்தி எடுப்பதும் உண்டு. ஒரு மரத்திலிருந்து பல இலைகளை எடுத்து, காம்பின் நீளம், இலைப்பரப்பின் நீளம், மிக அகன்ற இடத்தின் அகலம், மடல்களின் எண்ணிக்கை, பள்ளத்தின் ஆழம், இடைநரம்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துச் சராசரி காண்பார்கள். தனி ஓர் இலை தரும் தவறான சாட்சியம் இவ்வாறு அடங்கிவிடும்.

இவ்வகை ஆய்வுகளில் விரிவானதை அந்துவான் கிரெமர் உள்ளிட்ட குழு 2002இல் வெளியிட்டது. மேற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இரு ஓக்குகளும் கலந்து நிற்கும் காடுகளில் 14 இலைப் பண்புகள் அளக்கப்பட்டன. எல்லா இடங்களிலும் மரங்கள் இரண்டு கூட்டங்களாகவே பிரிந்தன, இடைப்பட்டவை சிறுபான்மை. 14 பண்புகளும்கூடத் தேவைப்படவில்லை. காம்பின் நீளம், இடைநரம்புகளின் எண்ணிக்கை என்ற இரண்டே பெரும்பாலான மரங்களைச் சரியாகப் பிரித்தன. தனி இலையில் மங்கலாகத் தெரிந்த எல்லை, காட்டளவில் அளந்தபோது தெளிவாக இருந்தது.

பசுங்கணிகம் சொன்ன கதை

அதற்குள் ஆய்வுக்கூடங்களில் வேறு முடிவு வந்திருந்தது. தாவரத்தின் உயிரணுவில் டிஎன்ஏ மூன்று இடங்களில் உள்ளது: உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம். பசுங்கணிக டிஎன்ஏ சிறியது, ஒரே உயிரணுவில் ஏராளமான பிரதிகள் கொண்டது, பிரித்தெடுக்க எளியது. அதனால் தாவர உறவுகளை ஆராய்ந்தவர்கள் முதலில் அதையே நாடினார்கள்.

1991இல் அமெரிக்காவின் விட்டமோரும் ஷாலும் ரோபரும் பெட்ரேயாவும் அடங்கும் வெள்ளை ஓக் பிரிவைச் சேர்ந்த, அங்குள்ள ஐந்து சிற்றினங்களின் பசுங்கணிக டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். ஒரே சிற்றினத்தைச் சேர்ந்த, தொலைவிலுள்ள மரங்களைவிட, ஒரே இடத்தில் வளரும் வெவ்வேறு சிற்றினங்களே ஒன்றையொன்று ஒத்திருந்தன. இரண்டு ஆண்டுகளில் ரெமி பெட்டியும் உடன் ஆய்வாளர்களும் ஐரோப்பாவிலும் இதே நிலைமையைக் கண்டார்கள். ஒரு காட்டில் நிற்கும் ரோபரும் பெட்ரேயாவும் பெரும்பாலும் ஒரே வகைப் பசுங்கணிகத்தைக் கொண்டிருந்தன. சில நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ரோபரில் வேறு வகை இருந்தது. இலை இரண்டு என்றது. பசுங்கணிகம் ஒன்று என்றது.

இந்த முரண்பாட்டின் காரணம் மரபுவழியில் இருந்தது. ஓக்கில் பசுங்கணிகம் தாய்மரத்திலிருந்து விதை வழியாக மட்டுமே செல்கிறது. மகரந்தத்துக்கு அதில் பங்கில்லை. ஆகவே அது சொல்வது விதை நடந்துவந்த பாதையை. பனியுகத்தில் ஐரோப்பாவின் ஓக்குகள் ஸ்பெயின், இத்தாலி, பால்கன் தீபகற்பங்களில் ஒதுங்கிப் பிழைத்தன. பனி விலகியதும் வடக்கே பரவி, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய எல்லையை ஏறக்குறைய எட்டின. ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2600க்கும் மேற்பட்ட ஓக் கூட்டங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட வரைபடத்தில் இந்தப் பாதைகள் தெளிவாகத் தெரிந்தன. பிரிட்டன், அயர்லாந்து ஓக்குகளின் பசுங்கணிகம் பெரும்பாலும் ஸ்பெயின் பக்கமிருந்து வந்த வகை.

கனமான ஓக் காய் காற்றில் பறக்காது. காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜே பறவை ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான காய்களைத் தூக்கிச் சென்று குளிர்காலத்துக்காக மண்ணில் புதைத்து வைக்கும். அது எடுத்துத் தின்ன மறந்தவை முளைக்கும். வெட்டவெளியை விரும்பும் ரோபர் இவ்வாறு முன்னே செல்கிறது. பெட்ரேயாவின் மகரந்தம் காற்றில் பின்தொடர்ந்து ரோபர் தாய்மரங்களில் கலப்பின விதைகளை உண்டாக்குகிறது. அந்தக் கலப்பினங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெட்ரேயா மகரந்தத்தையே பெற்றுவந்தால், அவற்றின் உட்கரு மெல்ல மெல்ல முழுப் பெட்ரேயாவாக மாறிவிடும். பசுங்கணிகம் மட்டும் ரோபர் தாயுடையதாகவே நிற்கும். பெட்டியும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த இந்த விளக்கத்துக்குச் செயற்கை மகரந்தச் சேர்க்கைச் சோதனைகள் துணைநின்றன. ரோபரைத் தாயாகவும் பெட்ரேயாவைத் தந்தையாகவும் வைத்தால் விதை எளிதாகப் பிடிக்கிறது. மாற்றி வைத்தால் அரிதாகவே பிடிக்கிறது. மேற்கு பிரான்சின் பெதீத் ஷார்னி காட்டில் இரு இனங்களும் கலந்து நிற்கும் ஒரு பகுதியை ஆராய்ந்தவர்களும் இயற்கையில் கலப்பு இந்தத் திசையிலேயே மிகுதி என்று கண்டார்கள்.

உட்கருவின் சாட்சியம்

சிற்றினத்தைப் பற்றிய கேள்விக்கு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏதான் விடை சொல்ல முடியும். ஆனால் அங்கும் வேறுபாடு எளிதில் அகப்படவில்லை. 1990களில் இரு ஓக்குகளின் ஆயிரக்கணக்கான டிஎன்ஏ துணுக்குகள் ஒப்பிடப்பட்டபோது மிகச் சிலவற்றிலேயே குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைத்தது. ஓர் இனத்தில் மட்டுமே காணப்படும், மற்றதில் அறவே இல்லாத அடையாளம் எதுவும் சிக்கவில்லை.

திருப்பம் 2000இல் வந்தது. முயர், ஃபிளெமிங், ஷ்லோட்டரர் ஆகிய மூவரும் 20 மைக்ரோசாட்டிலைட் குறிப்பான்களைக் கொண்டு இரு ஓக்குகளையும் ஒப்பிட்டு நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார்கள். மைக்ரோசாட்டிலைட் என்பது டிஎன்ஏவின் சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும் இடம். எத்தனை முறை வருகிறது என்பது மரத்துக்கு மரம் மாறும். தனித்தனியே எந்தக் குறிப்பானும் இனத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது மரங்கள் இடத்தின்படி அல்லாமல் இனத்தின்படியே கூடின. வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த பெட்ரேயாக்கள், பக்கத்தில் நின்ற ரோபர்களைவிடத் தம்முள் நெருக்கமாக இருந்தன. மகரந்தம் கலந்தும் இரண்டும் தனித்தனிச் சிற்றினங்களாகவே நீடிக்கின்றன என்பது இதனால் உறுதிப்பட்டது. பல இலைப் பண்புகளைச் சேர்த்து அளந்தவர்கள் சென்ற வழியும் இதுவே.

அடுத்த கட்டமாக மரபணுத் தொகுதியில் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். பெரும்பகுதியில் இரு இனங்களும் ஏறக்குறைய ஒன்றாகவும், பல குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கும் சில பகுதிகளில் மட்டும் கூர்மையாக வேறுபட்டும் இருந்தன. இலை வடிவத்தோடு தொடர்புடைய இடங்களும் ஒரே மரபணுவில் அடங்காமல் பல குரோமோசோம்களில் பரவியிருந்தன. 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தலைமையில் ரோபரின் மரபணுத் தொகுதி முழுமையாக வெளியிடப்பட்டது: 12 இணைக் குரோமோசோம்கள், ஏறத்தாழ 26,000 மரபணுக்கள். அதைத் துணைகொண்டு நடந்த ஆய்வுகளின்படி, ஐரோப்பிய வெள்ளை ஓக்குகள் நெடுங்காலம் பிரிந்து வளர்ந்தபின், கடைசிப் பனியுகத்தை ஒட்டிய காலத்தில்தான் மீண்டும் சந்தித்துக் கலக்கத் தொடங்கின. வேறுபாடு குறைவாகத் தெரிந்ததற்குக் காரணம் அவை இன்னும் பிரியாதது அல்ல, பிரிந்தபின் கலந்தது.

கலந்தும் இரண்டும் ஒன்றாகிவிடாததற்கு வாழிடம் ஒரு காரணம். ரோபர் தண்ணீர் தேங்கும் கனத்த மண்ணைத் தாங்கும், வெளிச்சத்தை நாடும். பெட்ரேயா நீர் வடியும் மேட்டு நிலத்தையும் அமில மண்ணையும் வறட்சியையும் தாங்கும். நடுவிலான கலப்பினம் இரு இடத்திலும் பெற்றோரோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

இரண்டு முறைகளின் இன்றைய பயன்

இன்று இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று துணையாக வழங்குகின்றன. நிற்கும் மரத்தை இனங்காண இலையே போதும், செலவும் இல்லை. இலையில் நடுத்தரமாகத் தெரியும் மரம் உண்மையில் கலப்பினமா என்பதை உட்கரு டிஎன்ஏ சொல்கிறது. இலையில் ஒரு பெற்றோரை முழுக்க ஒத்திருக்கும் மரம் டிஎன்ஏவில் கலப்பினமாக இருப்பதும் உண்டு. இலை முளைக்காத காய்க்கும் இலை முற்றாத நாற்றுக்கும் டிஎன்ஏ ஒன்றே வழி. எந்த நிலத்துக்கு எந்த விதை என்று தீர்மானிக்கும் வனத்துறைகளுக்கு இந்தத் தகவல் தேவைப்படுகிறது.

இனத்தைப் பிரிக்கத் தவறிய பசுங்கணிகமும் வீண்போகவில்லை. அது இடத்தைக் காட்டுவதால், பிரிட்டனில் உள்நாட்டு வகையல்லாத பசுங்கணிகம் தென்பட்டால் அந்த ஓக் வெளியிலிருந்து வந்த விதையின் வழித்தோன்றலாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. 2002இல் தெகீயு, பெட்டி முதலியோர் காய்ந்த ஓக் பலகையிலிருந்தே டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க முடியும் என்று காட்டினார்கள். வெட்டிய மரத்தில் டிஎன்ஏ சிதைந்து துண்டுதுண்டாக இருக்கும். பிரதிகள் மிகுந்த பசுங்கணிகத்தின் குறுகிய பகுதிகளைத் தேர்ந்தெடுத்ததால் பிசிஆர் முறையில் அவற்றைப் பெருக்க முடிந்தது. 2004இல் அதே குழு இம்முறையைப் பீப்பாய்த் தொழிலுக்குப் பொருத்தியது. பிரெஞ்சு ஓக் என்று விற்கப்படும் பலகை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்ததா என்று சோதிக்க இதனால் வழி பிறந்தது. ஆயினும் அந்தப் பலகை ரோபரா பெட்ரேயாவா என்பதைப் பசுங்கணிகம் சொல்லாது. அதற்கு உட்கரு டிஎன்ஏ வேண்டும், அல்லது வெட்டுவதற்கு முன்பே அம்மரத்தின் இலையைப் பார்த்திருக்க வேண்டும்.